கடாரத்துக் கடலில் பாயிறக்கும் கலை

கெடா மாநிலத்தின் கோலா மூடா மாவட்டத்தில், சுங்கைப் பட்டாணிக்குக் கிழக்கே அமைந்த ஊர் புக்கிட் செலம்பாவ். ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த அவ்வட்டாரத்தில் நின்று நோக்குவார்க்குக் கடல் தென்படாது. வடமேற்கு வானில் ஒரு மலை தென்படும். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய் என்னும் அம்மலையே, வங்கக் கடலைக் கடந்து வந்த பழங்கால மாலுமிகளுக்குக் கரை நெருங்கியதை உணர்த்திய அடையாளம். அதன் அடிவாரத்தில் மெர்போக் ஆற்றையும் மூடா ஆற்றையும் ஒட்டி விரிந்து கிடப்பது பூஜாங் பள்ளத்தாக்கு. தோட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் நாள்தோறும் காணும் மலையைத்தான், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட நீகானும் கண் வலிக்க எதிர்நோக்கியிருந்தான்.

கடாரம் என்னும் பெயரைத் தமிழ் மாணாக்கர் யாவரும் அறிவர். முதலாம் இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டையொட்டி அதன்மேற் படையெடுத்த செய்தி பாடநூல்களில் உண்டு. அதற்கு முன்பே கடாரத்து மன்னன் பெயரால் நாகையில் சூடாமணி விகாரம் எழுந்ததையும், அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் கொடையளிக்கப்பட்டதையும் செப்பேடு கூறுகிறது. பட்டினப்பாலை குறிக்கும் காழகம் என்பது கடாரமே என உரை வகுத்தார் நச்சினார்க்கினியர். இவற்றையெல்லாம் ஆசிரியர் சொல்ல, மாணவர் எழுதிக்கொள்வர். ஆயினும் இடையிலுள்ள இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடல், 'கடல் கடந்தான்' என்ற ஒரே தொடரில் கடக்கப்பட்டு விடுகிறது. கப்பல் எவ்வாறு ஓடியது, பாயை எவ்வாறு ஏற்றினர், அதனினும் மேலாக, எவ்வாறு இறக்கினர் என்று கேட்கும் வழக்கம் வகுப்பறையில் இல்லை.

பாய் இறக்குவதில் அப்படி என்ன பெருமை இருக்கிறது என்று வினவலாம். பழந்தமிழ்ப் புலவர்கள் அதனை அறிந்தே பாடியிருக்கின்றனர். புறநானூற்றின் முப்பதாம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளியின் புகார்த் துறையைச் சிறப்பிக்க ஒரு காட்சியைத் தேர்ந்தெடுக்கிறார். பெரிய மரக்கலமொன்று கூம்பையும் மேற்பாயையும் களையாமல், பாரத்தையும் குறைக்காமல், அப்படியே ஆற்றுமுகத்தில் நுழைகிறது என்பது அக்காட்சி. இதனை வியப்பென்று புலவர் பாடுவதனாலேயே, பிற துறைகளில் நுழையுமுன் பாயைக் களைவதும் சுமையைக் குறைப்பதும் அக்கால வழக்கம் என்பது பெறப்படும். துறைமுகத்தின் ஆழத்தை அளந்து சொல்ல வந்த புலவர் இறக்கப்படாத பாயை அளவுகோலாகக் கொண்டார்.

அதே இறக்கப்படாத பாய் மணிமேகலையின் நான்காம் காதையில் வேறொரு முகத்தைக் காட்டுகிறது. மதங்கொண்டு நகரில் ஓடும் யானைக்குச் சாத்தனார் கூறும் உவமை, சுழற்காற்றில் அகப்பட்ட வங்கம். நீகான் நடுங்குகிறான்; நடுவே நின்ற கூம்பு அடியோடு முறிகிறது; கயிறுகள் அறுகின்றன; இதை, அதாவது பாய், கிழிந்து ஓலமிடுகிறது; திசையறியாது கலம் அலைகிறது. காற்று வருமுன் அந்தப் பாய் கீழே வந்திருந்தால் இவ்வுவமைக்கே இடமில்லை. உரையாசிரியர் பலர் இப்பகுதியில் யானையைப் பற்றியே விரித்துரைத்து, கப்பலைப் பதவுரையோடு விட்டுவிடுவது வழக்கம். மாணாக்கர்க்குக் கற்பிப்போர் ஒருமுறை அதனைக் கப்பலின் பக்கமிருந்து படித்துப் பார்ப்பது நன்று.

கெடாவின் கடற்கரை அத்தகைய காற்றுக்குப் பேர்போனது. மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியற்பொழுதுக்கு முன்னரோ காலையிலோ, மேற்கேயிருந்து திடீரென ஒரு புயற்கோடு பாய்ந்து வரும். சுமத்திராத் தீவின் பக்கமிருந்து வருவதால் மாலுமிகள் அதற்குச் 'சுமத்திரா' என்றே பெயரிட்டனர். கரும்மேகம் ஒரு வில்லைப்போல் எழும். சில நிமிடங்களில் காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகம் கொள்ளும். கொட்டும் மழையில் கரையும் மலையும் மறையும். ஓரிரண்டு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். கரையிலிருப்போர்க்கு அது ஒரு காலை மழை. ரப்பர் வெட்டுத் தடைப்படும் நாள். கடலிலிருப்போர்க்கோ, மேகத்தைக் கண்டதற்கும் காற்று மோதுவதற்கும் இடைப்பட்ட சில நிமிடங்களுக்குள் பாய் கீழே வரவேண்டும்.

அக்காலப் பயணம் எத்துணை நெடியது என்பதற்குச் சீனத் துறவி இத்சிங் சான்றளிக்கிறார். 671ஆம் ஆண்டில் தெற்கு நோக்கிப் புறப்பட்ட அவர், கெடா வழியாகவே இந்தியாவுக்குச் சென்றார். பருவக் காற்றுக்காகக் காத்திருந்தே கலமேறினார். கெடாவிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ஒரு துறவி முப்பது நாள் கப்பலிற் சென்றதையும் அவர் குறித்துள்ளார். அந்த முப்பது நாளிலும் காற்று ஒரே சீராக வீசியிருக்க இயலாது. பாய் எத்தனை முறை ஏறியிருக்கும், எத்தனை முறை இறங்கியிருக்கும் என்பதைக் கற்பனையில்தான் எண்ண வேண்டும்.

1834ஆம் ஆண்டில் கேப்டன் ஜேம்ஸ் லோ செபராங் பிறையில் கண்டெடுத்த கல்வெட்டு, இரத்தமிருத்திகை என்னும் ஊரினனான புத்தகுப்தன் என்ற மகாநாவிகனுடையது. ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டு எழுத்தில் பொறிக்கப்பட்ட அக்கல் இன்று கொல்கத்தா அருங்காட்சியகத்தில் உள்ளது. இப்பகுதியின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று ஒரு கப்பல் தலைவனின் பெயரைத் தாங்கி நிற்பது பொருத்தமே. பாதுகாப்பாகச் சென்று மீள வேண்டும் என்பதே அதில் பொறித்த வேண்டுதல்.

இனிக் கலையின் நுட்பத்துக்கு வருவோம். பாயை ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே வேலையின் இரு பக்கம்போலத் தோன்றும். உண்மை அதுவன்று. ஏற்றும்போது மனிதனுக்குத் துணைகள் பல உண்டு. கயிற்றைக் கப்பியிற் கோக்கலாம், ஒரு கப்பி போதாவிடின் இரண்டு கோக்கலாம், ஆட்களைக் கூட்டலாம், உருளையிற் சுற்றி இழுக்கலாம். இறக்கும்போது அத்துணைகளுள் எதுவும் பயன்படாது. கயிற்றைத் தள்ளிப் பாயைக் கீழே அனுப்ப இயலுமா? கயிற்றை அவிழ்த்து விட்டபின் பாயைக் கீழே கொணர்வது அதன் சொந்த எடை ஒன்றே. அவ்வெடைக்கு எதிராக நிற்பது உராய்வு. காற்று வலுக்க வலுக்கப் பாய் மரத்தோடு அழுந்தும், உராய்வு மிகும். ஆகவே பாய் கீழே வரவேண்டிய தேவை மிகும் வேளையும், அது வர மறுக்கும் வேளையும் ஒன்றேயாகின்றன. உலகத்துப் பாய்மரக் கலங்களின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த ஒரு முடிச்சை அவிழ்க்க முயன்ற வரலாறு என்றால் மிகையாகாது.

தமிழகத்துக் கரைகளிலும் யாழ்ப்பாணத்திலும் ஓடிய தோணிகள் இதற்குக் கண்ட வழி, பாயின் தலையில் எடையைக் கட்டுவது. நீண்ட குறுக்குமரம் ஒன்றில் பாயைக் கட்டி, அம்மரத்தோடு சேர்த்தே மேலேற்றுவர். அக்குறுக்குமரத்துக்குப் பருமல் என்று பெயர். ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்மூலையைப் பிடித்திழுக்கும் கயிறு தாமான். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் இத்தகைய கடற்சொற்கள் இடம்பெற்றுள்ளன. அகராதியில் அவை கிடந்தாலும், தமிழ்ப்பள்ளியின் எந்த வாசகத்திலும் அவை ஏறவில்லை. பாய் என்ற சொல் மட்டும் தப்பிப் பிழைத்தது. அதுவும் படுக்கும் பாயாக! கோரையிலும் ஓலையிலும் முடைந்த பாயே தொடக்கத்தில் கப்பலிலும் ஏறியது என்பதற்கு இச்சொல்லே சான்றாகலாம். மலாய் மாலுமிகளும் மெங்குவாங் ஓலையில் முடைந்த பாயைப் பயன்படுத்தினர்.

ஆஞ்சானை விட்டவுடன் பருமலின் கனத்தால் பாய் இறங்கிவிடும். இது நன்மை. ஆனால் அக்கனத்தை ஏற்ற ஆட்கள் பலர் வேண்டும். இறங்கிவரும் நெடுமரம் தளத்தில் நிற்போர்மேல் விழாதபடி பிடிக்கவும் ஆட்கள் வேண்டும். அரபுக் கலங்களிலும் இந்நிலையே. 1938இல் குவைத்துக் கலமொன்றில் ஏறிப் பயணம் செய்த ஆலன் வில்லியர்ஸ், மாலுமிகள் பாட்டுப் பாடி ஒருமித்துக் கயிறிழுத்த காட்சிகளை விரிவாக எழுதியிருக்கிறார். காற்று மிகுந்தால் பருமலை இறக்கிப் பெரிய பாயை அவிழ்த்துச் சிறிய பாயைக் கட்டுவது அவர்களது முறை. மனித உழைப்பு மலிவாக இருந்த காலத்தின் தீர்வு அது.

சாவக மாலுமிகள் சிந்தித்த வழி வேறு. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த போரோபுதூர்ச் சிற்பங்களில், சாய்ந்த நாற்கோணப் பாயுடைய கலங்களைக் காணலாம். அவ்வகைப் பாய்க்கு மேலும் கீழும் இரு கோல்கள் உண்டு. காற்று மிகும்போது கீழ்க்கோலை உருட்டிப் பாயைச் சுருட்டிக் குறைத்துக்கொள்வர். முழுப் பாயையும் இறக்க வேண்டிய நெருக்கடி வருமுன்பே அதைச் சிறிதாக்கிவிடும் உபாயம் இது.

எல்லாவற்றினும் நுண்ணிய தீர்வைக் கண்டவர் சீனர் எனத் தோன்றுகிறது. அவர்களுடைய பாயில் குறுக்கே மூங்கிற் சட்டங்கள் பல இருக்கும். ஒவ்வொரு சட்டமும் ஒரு சிறு கயிற்று வளையத்தால் மரத்தோடு தளர்வாகப் பிணைக்கப்பட்டிருக்கும். ஆஞ்சானைத் தளர்த்தினால் சட்டங்களின் எடையால் பாய் விசிறி மடிவதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து, இருபுறமும் தொங்கும் கயிறுகளின் நடுவே வந்து அமரும். பாதி இறக்கினால் பாதிப் பாய். முழுதும் இறக்கினால் வெறும் மரம். ஒருவரும் மரத்தில் ஏற வேண்டியதில்லை. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சோழர் தூதுவர் 1015இலும் 1033இலும் 1077இலும் சீன அரசவைக்குச் சென்றிருக்கின்றனர். இப்பாயின் வேலையைத் தமிழ் வணிகர் கண்ணாரக் கண்டிருப்பர் என்பதில் ஐயமில்லை. கண்டும் நம் தோணிகள் அதைக் கைக்கொள்ளவில்லை. பழகிய கயிற்றை மாற்றுவது பழகிய எழுத்தை மாற்றுவதைக் காட்டிலும் கடினம் போலும். மேனாட்டாரும் பல நூற்றாண்டு அதனைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, 1960இல்தான் விழித்தனர். அவ்வாண்டில் நடந்த தனிமனித அட்லாண்டிக் போட்டியில் ஹாஸ்லர் என்னும் ஆங்கிலேயர், 'ஜெஸ்டர்' என்ற சிறு படகில் சீனப் பாயை ஏற்றி, தளத்தில் ஏறி நடமாட வேண்டிய தேவையின்றியே அதனை இயக்கி, 48 நாளில் கடலைக் கடந்து இரண்டாவதாக வந்தார்.

ஐரோப்பியப் பெருங்கப்பல்களின் சதுரப் பாய்களோ மனித உயிரை விலையாகக் கேட்டன. புயலில் பாயைச் சுருட்ட மாலுமிகள் மரத்தின்மேல் ஏறி, குறுக்குமரத்தில் வயிற்றை அழுத்திக்கொண்டு, நனைந்து விறைத்த துணியைக் கையால் அள்ளிக் கட்ட வேண்டும். கால் தவறினால் கடல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குத் தமிழ்த் தொழிலாளரை ஏற்றி வந்த பாய்க்கப்பல்களில் வந்தவர்கள், தளத்துக்கு மேலே நடந்த அந்த வேலையை அண்ணாந்து பார்த்திருப்பர். பின்னர் நீராவிக் கப்பல்கள் வந்தன. 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலாவில் வந்தவர்களுக்குப் பாயைப் பற்றிய கவலை இல்லை. வாந்தியும் வயிற்றுப்போக்குமே கவலை.

தமிழர் கையால் ஆன பாய்க்கப்பல் உலகின் மறுகோடிக்குச் சென்ற செய்தியொன்றை ஈண்டுக் கூறுதல் தகும். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் இருமரக் கப்பலை ராபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனைச் செலுத்திச் சென்று, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர். அதன் முன்மரத்தில் சதுரப் பாய்கள். பின்மரத்தில் கலத்தின் நீளவாட்டில் அமைந்த பெரும்பாய். இருவகைப் பாயையும் ஏற்றி இறக்கத் தெரிந்த கைகள் அவ்வூரில் இருந்தன. அச்சிற்றூரின் கடற்கலை தமிழ்ப் பாடநூலில் ஒரு பாடமாகத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டில் நிகழ்ந்த பெரிய மாற்றம் பருமலைக் கைவிட்டதுதான். உயர்ந்த ஒற்றை மரம். அதன் உச்சிவரை கூர்ந்து செல்லும் முக்கோணப் பாய். பெர்முடாத் தீவின் பெயரால் வழங்கும் இவ்வமைப்பு, முதல் உலகப் போருக்குப்பின் விரைந்து பரவியது. காற்றை எதிர்த்து ஏறிச் செல்ல இதனினும் வல்லது இல்லை. 1930இல் நடந்த அமெரிக்கக் கோப்பைப் போட்டியில் 'எண்டர்பிரைஸ்' என்னும் படகு, ஏறத்தாழ ஐம்பது மீட்டர் உயரமுள்ள உலோக மரத்தில் இத்தகைய பாயை ஏற்றி வென்றது. தோற்றது 'ஷாம்ராக் ஐந்து'. அதன் உரிமையாளர் தேயிலை வணிகர் தாமஸ் லிப்டன். 1899 முதல் ஐந்து முறை அக்கோப்பைக்குப் போட்டியிட்டு ஐந்து முறையும் தோற்றவர். அவருடைய செல்வத்தில் ஒரு பகுதி இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் தமிழர் கொழுந்து பறித்ததால் விளைந்தது என்பதைத் தோட்டத்து மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பருமல் போனபோது, பாயைக் கீழே இழுத்துவந்த கனமும் போயிற்று. மெல்லிய துணி மட்டுமே எஞ்சியது. அதற்கு முன் பாயின் ஓரத்தை மரவளையங்களால் மரத்தோடு கோத்திருந்தனர். மாட்டின் கழுத்துக் கயிறுபோல் வளையம் மரத்தைச் சுற்றி மேலும் கீழும் ஓடும். உயர்ந்த மரத்துக்கோ நடுவிலும் கம்பிகள் கட்டி இழுத்து நிறுத்த வேண்டும். கம்பி கட்டிய இடத்தை வளையம் தாண்டாது. ஆகவே மரத்தின் பின்முகத்தில் மட்டும் ஓர் உலோகத் தடத்தைப் பதித்து, பாயின் ஓரத்தில் தைத்த சிறு உலோகக் கவ்விகளை அதில் ஓடவிட்டனர். புகைவண்டித் தண்டவாளத்தை நிமிர்த்தி நிறுத்தியது போன்ற அமைப்பு இது. பாய்த்தடம் பிறந்த கதை இவ்வளவே.

அலுமினிய மரங்கள் வந்தபின் தடத்தைத் தனியே பதிக்கவும் வேண்டாமல், மரத்தை உருவாக்கும்போதே பின்புறம் ஒரு காடியை உடன் அமைத்தனர். பாயின் ஓரக்கயிற்றையே அக்காடியில் செலுத்துவது ஒரு முறை. நைலான் துண்டுகளைத் தைத்து அவற்றைச் செலுத்துவது மற்றொரு முறை. முதல் முறையில் காற்று சற்றும் ஒழுகாது. போட்டிப் படகுக்கு ஏற்றது. ஆனால் பாய் இறங்கியதும் காடியை விட்டு முழுதும் வெளிவந்து தளமெங்கும் பரவும். இரண்டாவதில் பாய் மரத்தோடு பிணைந்தபடியே அடுக்காய் நிற்கும். இருவர் மட்டும் செல்லும் படகுக்கு இரண்டாவதே நன்று.

1980களில் வேறொரு சிக்கல் எழுந்தது. பாயின் வடிவம் கெடாதிருக்கவும், படபடக்காமல் நெடுநாள் உழைக்கவும், அதன் முழு அகலத்துக்கும் நீண்ட சட்டங்களைச் செருகும் வழக்கம் உலாப் படகுகளிற் பரவிற்று. சீனர் மூங்கிலில் செய்ததை இவர்கள் கண்ணாடியிழையில் செய்தனர் எனலாம். ஆனால் சீனர் சட்டத்தை மரத்தோடு தளர்வாகக் கட்டினர். இவர்கள் காடிக்குள் இறுக்கினர். வில்லைப்போல் வளைந்த ஒவ்வொரு சட்டமும் தன் முனையால் மரத்தை முன்னோக்கி உந்தியது. அந்த உந்தலில் நைலான் துண்டு கோணிக்கொண்டு காடியில் சிக்கிற்று. ஏற்றும்போது உருளையைச் சுற்றி வலிந்து ஏற்றிவிடலாம். இறக்கும்போது? மழையிலும் இருளிலும் ஒருவர் மரத்தடிக்குச் சென்று, ஆடும் தளத்தில் நின்று, துணியைப் பற்றி இழுக்க வேண்டியதாயிற்று. சதுரப் பாய் காலத்து ஆபத்து புது வேடத்தில் திரும்பி வந்தது.

இதற்கு விடையாக எழுந்தவையே இன்றைய தட அமைப்புகள். அவற்றுள் முதன்மையானது, வெளியே பதித்த உலோகத் தடத்தில் குண்டுகள்மேல் ஓடும் சிறு வண்டி. மிதிவண்டிச் சக்கரத்துப் பேரிங் எவ்வாறு உராய்வை உருளலாக மாற்றுகிறதோ அவ்வாறே இதுவும். பெரிய பாய்க்கும் நீண்ட சட்டத்துக்கும் இதுவே வலியது. குறைகளும் உண்டு. விலை மிகுதி, மரத்தில் துளையிட்டுத் திருகாணி பொருத்த வேண்டும், அலுமினியத்தில் எஃகுத் திருகாணி உப்புநீரோடு சேர்ந்தால் அரிப்பு உண்டாகும், வண்டிகள் உயரமானவையாதலின் இறக்கிய பாயின் அடுக்கும் உயர்ந்து, தலைப்பை எட்டிப் பிடிப்பது அரிதாகும். தடத்தின் கீழ்முனையில் வண்டி நழுவினால், சிலவற்றில் குண்டுகள் தளத்தில் சிதறிக் கடலில் வீழ்வதும் உண்டு. புளியங்கொட்டை சிதறியதுபோல் அவற்றைத் துரத்திப் பிடித்தவர்கள் இரண்டாம் முறை கவனமாக இருப்பர்.

மற்றொன்று, வழுக்கும் தன்மை மிக்க நெகிழிப் பட்டையொன்றை மரத்தின் பழைய காடிக்குள்ளேயே செருகி, அதன்மேல் துருப்பிடியா எஃகுக் கவ்விகளை ஓடவிடுவது. துளையிட வேண்டா, எண்ணெய் வேண்டா, அடுக்கும் தாழ்வாக அமையும். நடுத்தரப் படகுக்கு, அதிலும் பழைய மரத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ள விரும்புவார்க்கு, இதனைவிடப் பொருத்தமானது அரிது. எனினும் காடி நேராகவும் நசுங்காமலும் இருத்தல் வேண்டும். பட்டை காடிக்கேற்ற அளவினதாயிருத்தல் வேண்டும்.

பாயை மரத்தின் வயிற்றுக்குள்ளேயே சுருட்டிக்கொள்ளும் பொறியும் உண்டு. கயிற்றை இழுத்தால் பாய் மறையும் வசதி பலரைக் கவர்கிறது. பாதியில் சிக்கினால் உள்ளேயும் போகாது, கீழேயும் வராது என்பதே அதன் குறை. சுமத்திராக் காற்று வீசும் கடலில் அதனை நம்புமுன் இருமுறை எண்ணுவது அறிவுடைமை.

இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற வினா கெடா மாநிலத்துக்கும் புறம்பானதன்று. 1987இல் சுங்கவரி விலக்குப் பெற்ற லங்காவித் தீவு, இன்று உலகப் பாய்ப்படகுகள் தங்கும் துறை. 2003 முதல் அங்குப் பன்னாட்டுப் பாய்ப்படகுப் போட்டி நடைபெற்று வருகிறது. கணவனும் மனைவியுமாக, அறுபதைக் கடந்த வயதில், இருவர் மட்டுமே ஒரு படகைச் செலுத்தி வங்கக் கடலைக் கடப்பது இன்று வியப்பன்று. பருமலைப் பிடிக்க இருபது ஆட்கள் நின்ற இடத்தில் இப்போது இருவர். அவருள் ஒருவர் சுக்கானில். பாயிறக்க எஞ்சியவர் ஒருவரே. பிள்ளைகள் கரையில் காத்திருக்கும் அவ்வொருவரது உயிர், தடத்தின் உராய்வில் தொங்குகிறது.

ஆகவே அறிந்தோர் தடத்தைத் தேரும்போது முதலிற் கேட்பது, பாய் எவ்வளவு எளிதாக ஏறுகிறது என்பதன்று. படகைக் காற்றுக்கு நேரே திருப்ப இயலாத வேளையிலும் அது இறங்குமா என்பதே முதற்கேள்வி. நேரே திருப்பினால் பாயின் அழுத்தம் நீங்கும். அப்போது எத்தடமும் இடங்கொடுக்கும். பின்னே கரையும் பாறையும் இருக்க, காற்று பக்கவாட்டில் அறைய, பாய் கம்பிகள்மேல் அழுந்திக் கிடக்கும்போதும் இடங்கொடுப்பதே நல்ல தடம். அடுத்துப் பாயின் பரப்பையும் சட்டத்தின் நீளத்தையும் கேட்பர். சட்டம் குட்டையாயின் சாதாரண நைலான் துண்டே போதும். பணத்தை வீணே கொட்ட வேண்டியதில்லை. இது விற்போர் சொல்லாத செய்தி. பிறகே விலை. பாயின் தலைப்பிலிருந்து ஒரு மெல்லிய கயிற்றைக் கீழே கொணர்ந்து கட்டி வைப்பாரும் உண்டு. எடையும் தடமும் கைவிட்டால் அக்கயிற்றைப் பிடித்து இழுக்கலாம். கயிற்றைத் தள்ள இயலாது என்ற பழைய முடிச்சுக்கு இத்தனை எளிய மறுமொழியும் உண்டு.

நீண்ட பயணத்துக்குமுன் அவர்கள் செய்யும் சோதனை ஒன்றுண்டு. நங்கூரமிட்ட படகில், மரத்தையும் தடத்தையும் நன்னீர் விட்டுக் கழுவி உப்பை நீக்குகின்றனர். கவ்விகள் ஒவ்வொன்றையும் விரலால் அசைத்துப் பார்க்கின்றனர். இளங்காற்றில் பாயை உச்சிவரை ஏற்றுகின்றனர். பின்னர் ஒருவர் ஆஞ்சானை முழுதும் அவிழ்த்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். மற்றவர் அண்ணாந்து நிற்கிறார். ஒருவர் கையும் படாமல் பாய் சரசரவென்று இறங்கி அடுக்காய் அமர்ந்தால், மறுநாள் விடியலில் நங்கூரம் எடுக்கலாம். நடுவழியில் நின்றுவிட்டால், மீண்டும் கழுவ வேண்டும்.